திங்கள் சிந்தனை: கதவடைக்காத காப்பிடங்கள்

நம்பிக்கை என்னும் சொல் நம் மொழியில் மூன்று பொருள் தந்து நிற்கின்றது. இறைவன்பால் வைக்கும் பற்றினையும் நம்பிக்கை என்கிறோம். உடன் வாழ்வோன்பால் வைக்கும் உறுதியினையும் நம்பிக்கை என்கிறோம். நாளைய பொழுது இன்றினும் நன்றாக விடியும் என்னும் எதிர்பார்ப்பினையும் அச்சொல்லாலேயே குறிக்கின்றோம். மூன்றையும் நம் முன்னோர் ஒரே சொல்லில் அடக்கியமைக்குக் காரணம் இல்லாமற் போகாது. அவை ஒன்றையொன்று பற்றி நிற்பன. ஒன்று சாய்ந்தால் மற்ற இரண்டும் சாயும். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாக் கொள்ளைநோய் நாட்டை வாட்டிய காலத்தில், இவ்வுண்மையைத் தலைநகர் டில்லியின் வீடற்றோர் தங்குமிடங்களில் பணி புரிந்தோர் தம் உழைப்பால் விளக்கிக் காட்டினர். புகழ் மாலை சூடாத அவர்களைப் பற்றி இத்திங்கள் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

டில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தினர் பலரும் அத்தங்குமிடங்களைக் கண்டிருப்பர். நின்று நோக்கியவர் சிலரே இருப்பர். காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தின் அண்மையிலும், ஜாமா மசூதியின் பக்கத்திலும், நிகம்போத் காட் சுடுகாட்டை ஒட்டியும், சராய் காலே கான் அருகிலும், பெரிய மருத்துவமனைகளைச் சுற்றியும் அவை அமைந்துள்ளன. சில நிலையான கட்டடங்கள். சில நீண்ட பெட்டி போன்ற தகரக் கொட்டகைகள். குளிர்காலத்தில் மட்டும் எழும்பும் கூடாரங்களும் உண்டு. இந்தி பேசுவோர் அவற்றை 'ரைன் பசேரா' என்பர். இரவுத் தங்கல் என்பது அதன் பொருள். உள்ளே சமுக்காளமும் கம்பளியும். வாயிலில் ஒரு மேசை. மேசை மேல் ஒரு பதிவேடு. அதன் பின்னே ஒரு காப்பாளர். வருபவர் சாதியும் சமயமும் அங்கே தடையாவதில்லை. கட்டணமும் இல்லை.

அங்கே உறங்குவோர் யாவர்? சோம்பித் திரிபவர் என எண்ணுவது பெரும்பிழை. திருமண விருந்துகளில் நாம் உண்ட தட்டினைக் கழுவுவோர், காரி பாவலி மண்டியில் மூட்டை சுமப்போர், சைக்கிள் ரிக்ஷா மிதிப்போர், தள்ளுவண்டி இழுப்போர், பழைய தாளும் பாட்டிலும் பொறுக்கி விற்போர், மருத்துவமனையில் சேர்த்த மனைவிக்கோ மகனுக்கோ வாயிலில் காத்துக் கிடப்போர் ஆகியோரே அவருட் பெரும்பாலோர். வீட்டை விட்டு விரட்டப்பட்ட பெண்டிரும், மனநிலை பிறழ்ந்தோரும், போதைக்கு ஆட்பட்டோரும் அவர்களிடையே உண்டு. 2011 ஆம் ஆண்டின் மக்கட் கணக்கு, இந்திய நாட்டில் வீடற்றோர் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர் என்றது. டில்லியில் மட்டும் 46,724 பேர். நிலையாக ஓரிடத்தில் இராதவரை ஓர் இரவில் எண்ணி முடித்தல் எளிதன்று; ஆகவே உண்மைத் தொகை இதனினும் மிகுதி என்றே இத்துறையில் உழைப்போர் கருதுகின்றனர்.

இத்தங்குமிடங்களும் தாமாகத் தோன்றியவை அல்ல. 2009 ஆம் ஆண்டு டிசம்பரில், கடுங்குளிரின் நடுவே, பூசா சாலையில் இருந்த தற்காலிகத் தங்குமிடம் ஒன்று இடித்து அகற்றப்பட்டது. திறந்த வெளியில் விடப்பட்ட மக்களின் துயரம் நீதிமன்றங்களை எட்டிற்று. உணவுரிமை பற்றி உச்சநீதிமன்றத்தில் நடந்துவந்த வழக்கில் 2010 ஆம் ஆண்டு ஜனவரியில் இச்செய்தி எடுத்துரைக்கப்பட்டது. உறைவிடமின்றிக் குளிரில் இறப்பதும் உணவின்றி இறப்பதும் ஒன்றே என்பது வாதம். பெருநகரங்களில் மக்கட்தொகை ஒரு லட்சத்துக்கு ஒரு தங்குமிடம் வேண்டும், அது ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருத்தல் வேண்டும் என்னும் நெறி அவ்வழக்கின் வழியே வலுப்பெற்றது. 2013 ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் கீழ் வகுத்த விதிகள், ஒரு தங்குமிடம் நூறு பேருக்கு இடந்தர வேண்டும் என்றும், ஒருவருக்கு 50 சதுர அடியேனும் வேண்டும் என்றும் கூறின. ஐந்தடி அகலமும் பத்தடி நீளமும் கொண்ட அந்நிலமே ஓர் ஏழைக்கு அரசாங்கம் அளந்து கொடுத்த வீடு.

இவ்விடங்களைக் கட்டித் தருவது அரசாங்கமாயினும், நாள்தோறும் நடத்துவது பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களே. பணியாளர் இருபத்து நான்கு மணி நேரத்தையும் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வர். காலை முறைக்காரர் பாய் சுருட்டச் செய்து கூடத்தைத் துப்புரவு செய்விப்பார். பகல் முறைக்காரர் நோயுற்றோரை மருத்துவமனைக்கு அனுப்புவார். இரவு முறைக்காரர் பதிவேட்டில் பெயர் எழுதிக் கம்பளி கொடுத்து, பூசல் எழுந்தால் இடையே நின்று விலக்கி, விடியுமட்டும் விழித்திருப்பார். துப்புரவுத் தொழிலாளர் ஒருவர் கழிப்பிடத்தைக் காப்பார். இது நிலையான அரசாங்கப் பணியன்று, ஒப்பந்தப் பணி, ஊதியமோ சொற்பம். அங்குத் தங்குவோர் இக்காப்பாளரைப் 'பையா' என்று அழைப்பர். நம் வழக்கில் 'அண்ணா' என்பது போன்றது அது. உறவென்று சொல்ல ஒருவருமில்லாதவர் வாயில் அச்சொல் வெறும் அழைப்பாக மட்டும் இருப்பதில்லை.

இந்நிலையில்தான் 2020 ஆம் ஆண்டு மார்ச்சு 24 ஆம் நாள் வந்தது. அன்றிரவு எட்டு மணிக்கு அறிவிப்பு. நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. இடையே இருந்தவை நான்கு மணி நேரமே. வீட்டிலேயே இருங்கள் என்பது ஆணை. வீடில்லாதவன் எங்கே இருப்பான் என்னும் வினாவுக்கு அவ்வாணையில் விடையில்லை. திருமணங்கள் நின்றன, மண்டிகள் மூடின, ரிக்ஷாக்கள் ஓய்ந்தன. அன்றாடம் ஈட்டி அன்றாடம் உண்டோர்க்கு ஒரே இரவில் வருவாய் அற்றது. மார்ச்சு 28 ஆம் நாள் ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில், ஊர் திரும்ப வழி தேடி ஆயிரக்கணக்கானோர் குழந்தைகளைத் தோளில் சுமந்து திரண்டு நின்ற காட்சியை நாடு மறவாது. திரும்பிச் செல்ல ஊரும் இல்லாதவர்கள் தங்குமிடங்களின் வாயிலுக்கு வந்தனர்.

வந்தவர் தொகை பெருகிற்று. பணி புரிவோர் தொகையோ குறைந்தது. பேருந்தும் மெட்ரோ ரயிலும் ஓடாமையால், தொலைவில் குடியிருந்த பணியாளர் முறைக்கு வந்து சேர வழியில்லை. வந்தாலும், நாள் முழுதும் பலரிடையே இருந்துவிட்டு, ஓரறை வீட்டில் முதிய தாய்தந்தையரும் சிறு குழந்தைகளும் இருக்குமிடத்துக்கு இரவில் எவ்வாறு திரும்புவது? இவ்விரு காரணங்களால் காப்பாளர் பலர் தங்குமிடத்திலேயே தங்கிவிட்டனர். மூவர் முறையை இருவர் தாங்கினர். தாம் காக்கும் மக்களோடு தாமும் வீடற்றவராய் வாரக்கணக்கில் வாழ்ந்தனர் என்று கூறின் அது மிகையன்று.

அவர்களுக்கு நேர்ந்த இடர்களுட் பெரியது இடைவெளி பற்றியது. ஒருவரிடமிருந்து ஒருவர் இரண்டு கஜத் தூரம் விலகி நிற்க வேண்டும் என்பது அக்காலத்தில் நாடெங்கும் ஒலித்த அறிவுரை. தோளோடு தோள் ஒட்டிப் படுக்கும் கூடத்தில் இரண்டு கஜம் விட்டுப் பாய் விரித்தால் பாதிப் பேருக்கும் இடம் போதாது. எஞ்சியோரை வெளியே தள்ளினால் தெருவில் காவலர் விரட்டுவர். உள்ளே சேர்த்தால் நோய் பரவும். இதற்கு முழு விடை எவரிடமும் இல்லை. சில இடங்களில் கூடத்தின் முன் பந்தல் கட்டினர். சில இடங்களில் ஒருவர் தலைமாட்டில் அடுத்தவர் கால்மாடு வருமாறு மாற்றிப் படுக்கச் செய்தனர். பள்ளிக்கூடங்கள் பல தங்குமிடங்களாகவும் உணவுச் சாலைகளாகவும் மாற்றப்பட்டன. காய்ச்சலுள்ளவரைத் தனியே பிரிப்பதும் முழுக் காப்பாகவில்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரத்துத் தங்குமிடம் ஒன்றில் 408 பேரையும் சோதித்தபோது 147 பேருக்கு நோய்த் தொற்று இருந்தது. அவருட் பெரும்பாலோர்க்குக் காய்ச்சலோ இருமலோ இல்லை. செல்வம் மிக்க நாட்டிலேயே நிலை அதுவெனின், வாயிலில் நின்று நெற்றிச் சூடு பார்த்த நம் காப்பாளர் எத்தகைய இருளில் நின்று பணியாற்றினார் என்பதை அன்பர்கள் உணரலாம்.

இருளில் நடப்போர் கைகோத்தே நடத்தல் வேண்டும். அவ்வாறே அவர்கள் நடந்தனர். பதிவேடு எழுதியவர் சோறு பரிமாறினார். சோறு பரிமாறியவர் கிருமிநாசினி தெளித்தார். முகக்கவசம் வாங்க இயலாத இடத்தில் துணி வெட்டித் தைத்தனர். தங்கியிருந்தோருள்ளேயே தையற்காரரும் சமையற்காரரும் முடி திருத்துவோரும் இருந்தனர். அவர்களைக் கூட்டாளிகளாகக் கொண்ட இடங்களில் வேலை எளிதாயிற்று. கூட்டுப்பணி என்பது அலுவலகச் சுவரில் எழுதி வைக்கும் வாசகம் அன்று. அடுத்த முறைக்காரர் வருவார் என்று உறுதியாக நம்பி இம்முறைக்காரர் கண்ணயர்வதே கூட்டுப்பணி. அடுத்தவர் முகக்கவசத்தைச் சரியாக அணிந்திருப்பார் என்னும் நம்பிக்கையிலேயே ஒருவர் உயிர் மற்றவர் கையில் இருந்தது.

இனி, இறைவன்பால் வைத்த நம்பிக்கையைப் பற்றி. டில்லியில் பங்களா சாகிப் என்னும் குருத்துவாராவை அறியாதார் இலர். கொனாட் பிளேஸ் பக்கம் செல்லும் நம் குடும்பத்தினர் பலர் அதன் பொற்கலசத்தை வணங்கியிருப்பர்; அங்கே லங்கர் என்னும் பொது உணவுச் சாலையில் அமர்ந்து ரொட்டியும் பருப்பும் உண்டிருப்பர். ஆனால் அத்தலம் எழுந்த காரணத்தை எண்ணிப் பார்த்தவர் குறைவு. சீக்கியரின் எட்டாம் குருவாகிய ஹர் கிருஷண், 1664 ஆம் ஆண்டு டில்லிக்கு வந்து, ராஜா ஜெய் சிங்கின் மாளிகையில் தங்கினார். அப்போது நகரில் அம்மையும் வாந்திபேதியும் பரவின. எட்டு வயதும் நிரம்பாத அப்பாலகர் நோயுற்றோரை அண்டி, அம்மாளிகைக் கிணற்று நீரை வழங்கி, சமய வேற்றுமை பாராது தொண்டு செய்தார் என்பதும், அந்நோயே அவரைப் பற்ற அவ்வாண்டிலேயே உயிர் நீத்தார் என்பதும் சீக்கியர் போற்றும் வரலாறு. அம்மாளிகை நின்ற இடமே இன்றைய குருத்துவாரா. கொள்ளைநோயை அஞ்சி ஓடாத ஒரு சிறுவரின் நினைவின் மேல் அக்கோயில் நிற்கின்றது.

அந்நினைவு வீண்போகவில்லை. 2020 இல் ஊரடங்கின்போது வழிபடுவோர் வருகை நின்றது. ஆயினும் அடுப்பு அணையவில்லை. நாளொன்றுக்குப் பல்லாயிரம் பேருக்கு உணவு சமைக்கப்பட்டு, வண்டிகளில் ஏற்றி நகரின் பல பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டது. கோயில்களும் மசூதிகளும் மாதா கோயில்களும் தத்தம் அளவில் அவ்வாறே செய்தன. 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை எழுந்து மூச்சுக் காற்றுக்கு மக்கள் தவித்தபோது, காசியாபாத்தின் இந்திராபுரத்தில் ஒரு குருத்துவாராவின் முன்னே, சோற்றுக்கு மாறாக ஆக்சிஜனையே லங்கராக வழங்கினர். சாலையோரத்தில் நின்ற வண்டிகளுக்குள் மக்கள் அமர்ந்து உயிர்க்காற்றைப் பெற்றனர்.

எனினும் சமயம் எப்போதும் மக்களைச் சேர்த்தே வைக்கும் என்று கூறுவோமாயின் அது உண்மையாகாது. 2020 மார்ச்சு இறுதியில் நிஜாமுதீனில் நடந்த சமயக் கூட்டத்தையொட்டி நோய் பரவிய செய்தி வெளியானபோது, ஒரு சமயத்தார் அனைவர் மீதும் பழி சுமத்தும் பேச்சு நாடெங்கும் மூண்டது. அக்கூட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் பலர் வந்திருந்தனர். காய்கறி விற்பவன் பெயரைக் கேட்ட பின்னரே வாங்கும் கொடுமையும் அந்நாட்களில் நிகழ்ந்தது. தங்குமிடத்திலோ, பாய்கள் பெயர் கேட்டு விரிக்கப்படுவன அல்ல. நோன்பு நோற்பவரும் விரதம் இருப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர். ரமலான் மாதம் அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் பிறந்தது. பகல் முழுதும் நீரும் அருந்தாத ஒருவர் பிறர்க்குச் சோறு அளந்திடுவதும், மாலையில் அவர் நோன்பு திறக்கும்வரை மற்றவர் அவர் பங்கினை மூடி வைத்துக் காப்பதும் அத்தகைய இடங்களில் இயல்பான செயல்கள். வெளியே பெருமேடைகளில் முழங்கிய சமயத்தினும், உள்ளே அந்த மூடி வைத்த தட்டில் இருந்த சமயம் பெரிது என்பது நம் துணிபு.

நம்பிக்கை முறிந்தால் என்னாகும் என்பதற்கும் அக்காலமே சான்று தந்தது. 2020 ஏப்ரல் 11 ஆம் நாள், காஷ்மீரி கேட் பகுதியில் யமுனைக் கரையை அடுத்திருந்த மூன்று தங்குமிடங்கள் தீக்கிரையாயின. உணவு பற்றித் தங்கியிருந்தோருக்கும் பணியாளருக்கும் இடையே பூசல் எழுந்தது என்றும், அக்கலவரத்தில் சிலர் ஆற்றில் குதித்தனர் என்றும், ஒருவரது உடல் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட பின் சினம் தீயாய் மூண்டது என்றும் அந்நாளைய செய்தித்தாள்கள் எழுதின. அடுத்த சில நாட்களில், இடமிழந்த தொழிலாளர் யமுனைப் பாலத்தின் அடியில் கிடந்ததைக் கண்டு அவர்களை வேறிடம் கொண்டு சென்றனர். யார்மீது குற்றம் என்று தீர்ப்பளிக்க நாம் இதனை எடுத்துரைக்கவில்லை. பசித்தவன் பொறுமைக்கும், உறங்காதவன் பொறுமைக்கும் எல்லையுண்டு. ஒருவன் கையில் கரண்டியும் மற்றவன் கையில் வெறுந்தட்டும் இருக்கும்போது, இடையே மரியாதை என்னும் ஒரு நூலே இருவரையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. அது அறுந்த இடத்தில் கூரையே எரிந்தது. மற்ற தங்குமிடங்களில் அந்நூல் அறாமல் காத்தவர்களின் தொண்டு எத்துணைப் பெரிது என்பதை இந்நிகழ்ச்சியை அருகில் வைத்தே அளக்க முடியும்.

தமிழர்க்கு இக்கருத்து புதிதன்று. மணிமேகலையின் கதையை நினைவு கூர்வோம். அமுதசுரபி என்னும் அட்சய பாத்திரம் அவள் கைக்கு வந்தது; ஆயினும் வந்தவுடனே அது சோறு சுரந்துவிடவில்லை. முதற் பிச்சை ஆதிரை என்னும் இல்லறத்தாளிடம் பெற வேண்டியிருந்தது. ஆதிரை இட்ட பின்னரே அது அள்ள அள்ளக் குறையாததாயிற்று. தெய்வம் தந்த பாத்திரமும் அண்டை வீட்டாள் இட்ட ஒரு பிடியும் கூடிய பொழுதே பசி தீர்ந்தது. நம்பிக்கையும் கூட்டுப்பணியும் ஒன்றின்றி மற்றொன்று நிறைவுறா என்பதனை இதனினும் எளிதாக விளக்கல் இயலாது. அப்பாத்திரத்தை ஏந்தி அவள் முதலில் சென்ற இடம் அரண்மனையன்று. ஆதரவற்றோர் கூடும் உலக அறவி என்னும் பொது அம்பலம். பின்னர் அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றினாள். 2020 இல் பள்ளிகளின் கதவைத் திறந்து பசித்தோரை அமர்த்திய போது, புகார் நகரத்து அறம் யமுனைக் கரையிலும் நடந்ததெனக் கொள்ளலாம்.

நோயின் இரண்டாம் ஆண்டில் வேறோர் இடர் எழுந்தது. தடுப்பூசி வந்தது, ஆனால் அதனைப் பெற அடையாள அட்டை வேண்டும், பெயரைப் பதிய கைப்பேசி வேண்டும். தெருவில் உறங்குவோன் முதலில் இழப்பது அவ்விரண்டையுமே. மழையில் நனைந்தும், உறக்கத்தில் திருடப்பட்டும் போனபின், தான் இன்னார் என்று காட்ட அவனிடம் தன் உடம்பைத் தவிர வேறு சான்றில்லை. 2021 ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் இதற்கென ஒரு வழியை வகுத்தது. அட்டையில்லாத துறவியர், நாடோடிகள், சிறைவாசிகள், இரவலர், காப்பகங்களில் வாழ்வோர் முதலானோரை, அவர்க்குத் துணைநிற்கும் ஒருவர் அடையாளம் காட்டிப் பதிவு செய்யலாம் என்பது அதன் சாரம். தாளில் எழுதிய விதி தெருவில் நடந்தேற ஆள் வேண்டுமன்றோ? ஊசிக்கு அஞ்சியோரை அமர்த்திப் பேசியும், முதலில் தாமே போட்டுக்கொண்டு காட்டியும், இரண்டாம் தவணைக்கு உரிய நாளில் அவர்களை மீண்டும் தேடிப் பிடித்தும் உழைக்கத் தங்குமிடப் பணியாளரையும் தொண்டர்களையும் விட்டால் யாருளர்? அரசாங்கத்தை நம்பாதவனும் தன் 'பையா'வை நம்புவான்.

இத்துணைக்கும் இவர்களுக்குக் கிடைத்தது என்ன? 2020 மார்ச்சு 22 ஆம் நாள் மாலை ஐந்து மணிக்கு நாம் அனைவரும் மாடியில் நின்று கைதட்டினோம், மணி அடித்தோம். மருத்துவரையும் செவிலியரையும் துப்புரவாளரையும் எண்ணித் தட்டினோம். தங்குமிடக் காப்பாளரை எண்ணியவர் எத்தனை பேர்? நோயுற்றோரைக் காக்கும் மருத்துவத் துறைப் பணியாளர்க்கு 50 லட்சம் ரூபாய்க் காப்புறுதி அம்மாதமே அறிவிக்கப்பட்டது, மிக நன்று. ஆனால் நோயாளியை முதலில் கண்டு, தோளில் தாங்கி வண்டியில் ஏற்றிய காப்பாளர் மருத்துவத் துறையைச் சேர்ந்தவர் அல்லர். பட்டியல்கள் பதவிகளைப் பார்த்து எழுதப்படுகின்றன. ஆபத்தோ பதவி பார்த்து வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 ஆம் நாள் அந்நோய் குறித்த உலக நெருக்கடி நிலை முடிவுற்றது என அறிவித்தது. வீடற்றோர் துயரம் முடிவுற்றது என அறிவிக்க எவராலும் இயலவில்லை. இன்னொரு கொள்ளைநோய் வராது என உறுதி கூறுவாரும் இல்லை. அடுத்த முறையேனும் காப்புறுதிப் பட்டியலிலும் தடுப்பூசி வரிசையிலும் இவர்கள் பெயர் தொடக்கத்திலேயே இடம்பெறுதல் வேண்டும்.

இஃது பிறர் கதை, நமக்கென்ன என்று அன்பர் எவரேனும் எண்ணின், அவர்க்கு ஒன்று கூறுவோம். ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் பல பத்தாண்டுகளாகத் தமிழர் வாழ்ந்த மதராசி கேம்ப் என்னும் குடிசைப் பகுதி, நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1 ஆம் நாள் அகற்றப்பட்டது. ஏறத்தாழ 370 குடிசைகள். அவருட் பாதியளவினரே தொலைவிலுள்ள நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையோர் எனக் கணக்கிடப்பட்டனர். எஞ்சியோர் வீட்டுவேலை செய்தும் கூலிவேலை செய்தும் பிழைத்த நம் மொழியினரே. வீட்டுக்கும் வீதிக்கும் இடையே உள்ள தூரம், பிழைப்பு நாடிப் புலம்பெயர்ந்தோர்க்கு எப்போதும் குறைவே. ஒரு நோய், ஒரு வேலையிழப்பு, ஓர் ஆணை போதும். உறவினரும் சங்கமும் துணைநின்றமையால் நம்மிற் பலர் முதல் இரவைக் கூரையின் கீழ் கழித்தோம். அத்துணை வாய்க்காதவனுக்கு ரைன் பசேராவே சங்கம், காப்பாளரே உறவு.

ஆகவே நாம் செய்யத்தக்கன சில உள. பொருளினும் கருத்தினை அவை வேண்டுவன. தத்தம் வீட்டுக்கு அண்மையிலுள்ள தங்குமிடம் எதுவென்று அறிந்து வைத்தல் வேண்டும். குளிரில் கிடப்பவரைக் காணின் வழிகாட்ட அது உதவும். கம்பளி அளிப்போர் பொங்கலுக்குக் காத்திராமல் கார்த்திகையிலேயே அளித்தல் நன்று. டில்லிக் குளிர் நம் பண்டிகையைப் பார்த்துத் தொடங்குவதில்லை. அன்னதானம் செய்வோர் முன்கூட்டியே காப்பாளரைக் கேட்டுச் செல்லல் வேண்டும். ஒரே நாளில் பத்துப் பேர் சோறு கொணர்ந்து பாதி வீணாவதும், மறுநாள் எவரும் வராமற் போவதும் நேரக் காண்கிறோம். பழைய துணி கொடுப்போர் துவைத்துக் கொடுப்பார்களாக. பிறந்தநாள் விழாவுக்குப் படம் பிடிக்கச் செல்வோர், சோறு வாங்குபவன் முகத்தைப் படத்தில் சேர்க்காதிருப்பார்களாக. இவற்றினும் எளிதாயது ஒன்றுண்டு: வாயிலில் அமர்ந்திருக்கும் காப்பாளரிடம் நின்று, தங்களுக்கு என்ன தேவை என்று கேட்பது. தங்கியிருப்போர்க்கு என்ன வேண்டும் எனப் பலர் கேட்பர். காப்பவர்க்கு என்ன வேண்டும் எனக் கேட்பார் அரியர்.

நம் சங்கத்து மாதர் குழுவும் இளைஞர் குழுவும் வரும் குளிர்காலத்தில் தங்குமிடம் ஒன்றினைத் தமதாக ஏற்று, பருவம் முழுவதும் முறை வைத்துத் துணைநிற்குமாயின் அது சாலச் சிறந்த பணியாகும். ஒருநாள் விழாவாக அது முடிந்துவிடலாகாது. முறை தவறாமையே அங்கு முதல் தேவை. கோயிலுக்குச் செல்லும் கால்கள் இரண்டு தெரு தள்ளி அங்கும் செல்லட்டும். இறைவனை நம்புகிறோம் என்பார் அனைவரும், பக்கத்தில் நிற்பவர் நம்மை நம்பலாம்படி நடந்து காட்டினால் போதும். மற்றவை தாமே நடக்கும். அன்பர்கள் சிந்திப்பார்களாக.